காவ்யாவின் வண்டு

புது வண்டைக் கண்டுபிடித்தவன் அதற்குத் தன் பெயரை வைத்துக்கொள்ளக் கூடாது, அடுத்தவர் பெயரை வைக்கலாம் என்பது பூச்சி ஆராய்ச்சி செய்யும் எங்கள் தொழிலின் வழக்கம். வேலையை வீடு வரை தூக்கிக்கொண்டு போய் அவதிப்படும் நண்பர்களே, என் கதையையும் கேளுங்கள்.

தக்காளிக் குவியல்

போவன்பள்ளி மார்க்கெட்டில் அழுகிய தக்காளியைக் கிளறியபோது கிடைத்தது, மிளகைவிடச் சிறிய அந்தக் கறுப்பு வண்டு. பல மாதம் தேடியும் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அதற்கு என் மகள் காவ்யாவின் பெயரை வைக்கப்போவதாக, குவியலின் சொந்தக்காரரிடமே மறுபடி போய்ப் பெருமையாகச் சொன்னேன். மூன்று தலைமுறையாகச் செகந்திராபாத்தில் இருக்கும் தமிழ் வியாபாரி. முகத்தைச் சுளித்தார்: "பெத்த பொண்ணு பேரை இதுக்கா சார் வெப்பீங்க? நக்கோ சார், வேணாம், வேற நல்ல பூச்சியா பாருங்க."

பிறந்தநாள்

கட்டுரை அச்சானது காவ்யாவின் பத்தாவது பிறந்தநாள் வாரத்தில். லத்தீன் வாலோடு அவள் பெயர் இருந்த பக்கத்தைச் சட்டம் போட்டுக் கொடுத்தேன். "தாங்க்ஸ்பா" என்றவள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. மனைவிதான் சொன்னாள்: "அவ சைக்கிள் கேட்டு ஆறு மாசம் ஆச்சு. நீங்க வண்டு குடுத்திருக்கீங்க."

பழைய படம்

இப்போது மனைவி இறந்து நாலு வருஷம். காவ்யா புனேயில் வேலை பார்க்கிறாள். லோத்குண்டா வீட்டில் நான் மட்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் பால்காரரைத் தவிர யாரோடும் பேசுவதில்லை. சட்டம் போட்ட பக்கத்தை அவள் எடுத்துப்போகவில்லை, ஹாலில்தான் தொங்குகிறது.

போன மாதம் வெளிநாட்டு மியூசியம் ஒன்று பழைய வண்டுகளின் படங்களை அனுப்பியது. நூறு வருஷத்துக்கு முன்பே வேறு பெயர் வைத்து ஊசியில் குத்தப்பட்ட ஒன்று, சந்தேகமே இல்லை, என் வண்டேதான். முதலில் வைத்த பெயர்தான் செல்லும். காவ்யாவின் பெயர் ரத்து. அதை அறிவிக்க வேண்டியவனும் நான்தான். ஆபீஸில் பக்கத்து மேஜை மதுரைக்காரர் எட்டிப் பார்த்தார்: "நம்ம ரெண்டு பேரைத் தவிர யாருக்குத் தெரியும் சார்? படத்தை மூடுங்க, சாய் குடிக்கப் போவோம்."

ஃபோன்

மறைக்க மனசு வரவில்லை. அறிவிப்பை எழுதி முடித்து, அனுப்பும் முன் காவ்யாவைக் கூப்பிட்டேன். எங்களுக்குள் மிச்சமிருந்தது அந்தப் பெயர் ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன்; அதையும் என் கையாலேயே அடிக்கிறேனே. பத்து நிமிஷம் விளக்கினேன், மன்னிப்பும் கேட்டேன். அவள் பாதித் தெலுங்கில் சொன்னாள்: "பர்லேதுப்பா, போனா போகட்டும். அந்த வண்டுக்கு ஏதாவது ஆனாதான் எனக்கு ஃபோன் வருமா?"

பதினேழு வண்டுகளுக்குப் பெயர் வைத்தவனுக்கு, பெயர் என்பது கூப்பிடுவதற்கு என்று இப்போதுதான் உறைக்கிறது.