அக்காவின் ஆள்காட்டி விரல்

புத்தம் புது ஆயில் ஃபில்டரைக் கடையிலிருந்து வாங்கி வந்து, வண்டியில் மாட்டாமல், வைஸ் இடுக்கியில் இறுக்கி ரம்பத்தால் அறுக்கிற ஆள் என் அக்கா. உள்ளே என்ன வைத்திருக்கிறார்கள் என்று பார்த்தால்தான் அவளுக்குத் தூக்கம் வரும். அம்மாவுக்கு இது தாங்காது. "கல்யாணத்துக்கு மாப்பிள்ளைய இவ்வளவு விசாரிச்சிருந்தா இந்நேரம் பேரன் பேத்தி எடுத்திருப்பேன்" என்பாள். அக்கா ரம்பத்தை நிறுத்தாமலே, "மாப்பிள்ளைய அறுத்துப் பாக்க விடமாட்டாங்களேம்மா" என்பாள்.

அக்கா பத்தாம் வகுப்போடு நின்றவள். எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். எனக்காகத்தான் அவள் படிப்பை விட்டாள் என்று உறவில் எல்லோரும் சொல்வார்கள். அவளிடம் கேட்டால், "உனக்காகவும் இல்ல, ஊருக்காகவும் இல்ல. கணக்கு வரல, நின்னுட்டேன்" என்று முடித்துவிடுவாள். ஆனால் எந்த வண்டிக்கு எந்த போல்ட்டை எவ்வளவு முறுக்க வேண்டும் என்று நூறு எண்களை நினைவில் வைத்திருக்கிறவளுக்குக் கணக்கு வராது என்பதை நான் எப்படி நம்புவது? நம்பிவிட்டால் எனக்கு நிம்மதிதான். அதனாலேயே நம்ப முடியவில்லை.

ஒரு பெரிய சர்வீஸ் சென்டரில் கார் கழுவச் சேர்ந்து, ஆறு வருடத்தில் இன்ஜின் பக்கம் நகர்ந்து, பிறகு தனியாக ஒரு ஷெட் பிடித்தாள். பஸ் டிப்போவின் பின்சுவரை ஒட்டித் தகரக் கூரை. கீழே இறங்கி வேலை பார்க்க ஒரு குழி, ஒரு வைஸ், இரண்டு அலமாரி. அவ்வளவுதான் சொத்து. நாளுக்கு இரண்டு வண்டி வரும், சில நாள் ஒன்றும் வராது. வேதியியல் பட்டத்தோடு வேலைக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்த நான், வீட்டில் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடப்பதற்குப் பதில் பகலெல்லாம் அங்கே போய் உட்காருவேன். அந்த மாதம் ஷெட்டைப் பூட்டிவிட்டுப் பழைய சர்வீஸ் சென்டருக்கே திரும்பிவிடலாமா என்று அக்கா யோசித்துக்கொண்டிருந்தாள். என்னிடம் சொல்லவில்லை. ஆனால் அலமாரியில் தீர்ந்த சாமான்களைத் திரும்ப வாங்காமல் விட்டிருந்தாள்.

அப்போதுதான் ஹாரன் வந்தார். டாக்ஸி ஸ்டாண்டின் தலைவர். அவர் சாதாரணமாகப் பேசுவதே தெருமுனை வரை கேட்கும், அதனால் அந்தப் பெயர். ஸ்டாண்டில் ஒன்பது வண்டி, ஒன்பதும் ஒரே மாடல். அவர்களுடைய மெக்கானிக் வேறு ஊருக்குப் போய்விட்டார்.

"முதல்ல என் வண்டி" என்றார் ஹாரன். "ஒரு மாசம் ஓட்டிப் பாக்குறேன். சரியா இருந்தா ஒன்பதும் உன்கிட்டதான் தங்கச்சி. இல்லன்னா கும்பிடு போட்டுட்டுப் போயிட்டே இருப்பேன், கோவிச்சுக்கக் கூடாது."

"ஒன்பதும் வந்தா உங்க குரலையும் சேத்துத் தாங்கணுமேண்ணே" என்றாள் அக்கா. அவர் சிரித்ததில் தகரம் அதிர்ந்தது.

ஒரு சிக்கல் இருந்தது. அந்த மாடலுக்கு அக்கா வழக்கமாகப் போடுகிற ஃபில்டரில் போலி நடமாடத் தொடங்கியிருந்தது. பெட்டியில் எழுத்து கொஞ்சம் மங்கல், எடை கொஞ்சம் குறைவு. ஸ்பேர் கடைக்காரர் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். அக்கா வாங்கவில்லை. ஒன்பது வண்டிக்கும் நம்பி மாட்டக்கூடிய வேறொரு ஃபில்டர் வேண்டும்.

இதில் நான் குதித்தேன். மூன்று நாள் உட்கார்ந்து பதினான்கு கம்பெனிகளுக்கு ஒரு டேபிள் போட்டேன். எவ்வளவு சிறிய தூசியைப் பிடிக்கும், எத்தனை கிலோமீட்டர் தாங்கும், வாங்கியவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள், எல்லாவற்றுக்கும் ஒரு கட்டம். கல்லூரியில் படித்ததற்கு முதல் முறையாக ஒரு பயன் வந்ததுபோல் இருந்தது.

"சரிங்க டிகிரி சார்" என்றாள் அக்கா. "பதினாலையும் அறுக்க முடியாது. மேல இருக்குற மூணச் சொல்லு."

மூன்றையும் வாங்கி வந்து அறுத்தாள். முதலாவதில் காகித மடிப்புகள் ஒரு பக்கம் நெருக்கமாகவும் மறுபக்கம் அகலமாகவும் விரிந்து, பசை விட்ட இடத்தில் விரல்நுனி நுழைகிற இடைவெளி இருந்தது. "இது வழியா ஆயில் நடந்தே போயிடும்" என்று ஒதுக்கினாள். அதுதான் என் டேபிளில் முதலிடம். விலை கூடிய மூன்றாவது நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நடுவிலிருந்ததும் கிட்டத்தட்ட அப்படியே. மடிப்புகள் சீர், இரண்டு முனையிலும் தகர மூடி. வண்டி நிற்கும்போது ஆயில் கீழே வடிந்துவிடாமல் தடுக்கிற ரப்பரை அக்கா இரண்டாக மடித்து, இழுத்து, விட்டாள். பழைய வடிவத்துக்கு வந்து படுத்தது.

"இதுதான்" என்றாள். என் டேபிளில் அது இரண்டாமிடம். மனசைக் கொஞ்சம் தேற்றிக்கொண்டேன்.

ஹாரன் வண்டி வந்த நாள் நான் குழியின் விளிம்பில் குந்தி டார்ச் பிடித்தேன். அக்கா கீழே நின்று பழைய ஃபில்டரைக் கழற்றினாள். இந்த இடத்தில் அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஃபில்டர் உட்காருகிற வட்டத்தில் வலது ஆள்காட்டி விரலை ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பாள். ஆயில் கசியாமல் நடுவில் அடைத்து நிற்கிற பழைய ரப்பர் வாஷர் சில சமயம் ஃபில்டரோடு கழன்று வராமல் இன்ஜினிலேயே ஒட்டிக்கொள்ளும். கருப்பின் மேல் கருப்பு, கண்ணுக்குத் தெரியாது.

சரியாக அந்த நேரத்தில், "அக்கா, ஒரு நிமிஷம் இதப் பாரேன்" என்று போனை நீட்டினேன். நாங்கள் தேர்ந்தெடுத்த ஃபில்டரை யாரோ சோதித்து நல்ல மதிப்பெண் கொடுத்திருந்தார்கள். அக்கா முழங்கையால் வியர்வையைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். "பரவால்லடா, உன் டேபிள் பாஸாயிடுச்சு" என்றாள். புது ஃபில்டரின் வாஷரில் ஆயில் தடவி, கையால் முறுக்கி மாட்டினாள். இன்ஜினை ஓடவிட்டுப் பார்த்தோம். ஒரு சொட்டுகூடக் கசியவில்லை.

மறுநாள் பதினோரு மணிக்கு ஹாரனின் வண்டி கயிறு கட்டி இழுத்து வரப்பட்டது. மேம்பாலத்தில் வேகமெடுத்ததும் ஆயில் எச்சரிக்கை விளக்கு எரிந்திருக்கிறது. உடனே ஓரங்கட்டி வண்டியை அணைத்ததால் இன்ஜின் பிழைத்தது. அவர் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "பாரு" என்று மட்டும் சொல்லிவிட்டு எதிரே டீ குடிக்கப் போனார்.

தப்பு ஃபில்டரிலா, அக்காவின் கையிலா? அக்கா குழியில் இறங்கியபோது கையாக இருக்கட்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன். இதை எழுதாமல் விட்டுவிடலாம்தான். ஆனால் என் சொந்த அக்காவின் பிழைப்பு தொங்கிக்கொண்டிருந்த நேரத்தில், என் டேபிள் தப்பிக்க வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றியது.

அக்கா ஃபில்டரைக் கழற்றினாள். அதன் வாஷர் அதிலேயே இருந்தது. பிறகு விரலை ஓட்டினாள். பாதி வட்டத்தில் விரல் நின்றது. நகத்தால் நெம்பி இன்னொரு வாஷரை உரித்தெடுத்தாள். பழையது. வாஷர் மேல் வாஷர் உட்கார்ந்திருக்கிறது. அழுத்தம் கூடியதும் ஒரு பக்கம் பிதுங்கி ஆயிலை விட்டுவிட்டது.

அவள் அந்த வாஷரையே பார்த்துக்கொண்டு நின்றாள். குனிந்து மெதுவாகச் சொன்னேன். "அக்கா, யாரும் பாக்கல. ஃபில்டர் மட்டம்னு சொல்லிடலாம். கடைக்காரர் மாத்திக் குடுத்துடுவாரு."

"உன் டேபிள் என்னடா பாவம் பண்ணுச்சு?"

"பரவால்லக்கா. நான்தானே போனக் காட்டி உன்னப் பேச்சுல இழுத்தேன்."

"போனப் பாத்தது யாரு?" என்றாள். மேலே ஏறி வந்து, கை கழுவாமல், சாலையைக் கடந்து டீக்கடைக்குப் போனாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

"அண்ணே, ஃபில்டர் நல்ல ஃபில்டர்தான். பழைய வாஷர எடுக்காம மேலயே புதுச மாட்டிட்டேன். என் தப்பு" என்று உள்ளங்கையை விரித்துக் காட்டினாள்.

ஹாரன் அந்த வாஷரை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என் பழைய மெக்கானிக் பதினோரு வருஷம் பாத்தான்மா. அவன் கையில ஒரு தப்பு நடந்ததே இல்ல. எல்லாம் கம்பெனிக்காரன் தப்பு, ரோட்டுத் தப்பு, என் தப்பு." டீயை முடித்தார். "அதுக்காக நீ ஒத்துக்கிட்டதும் மாலை போடுவேன்னு நினைக்காத. வெயில்ல நின்னது நான். கஸ்டமர் வாயில விழுந்தது நான்."

"நினைக்கலண்ணே."

"மாசம் இன்னைலேர்ந்து மறுபடி ஆரம்பம். இனிமே பழைய வாஷர என் கையில குடுத்துட்டுத்தான் புதுச மாட்டணும்."

அன்று போன ஆயிலை அக்கா தன் செலவில் ஊற்றினாள். மாதம் முடிந்ததும் ஒன்பது வண்டி வரவில்லை, ஆறுதான் வந்தது. மேம்பாலக் கதையைக் கேட்ட மூன்று டிரைவர்கள் வேறு ஷெட்டுக்குப் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல என்னால் முடியவில்லை. ஆனால் ஆறு போதுமானதாக இருந்தது. அலமாரி நிரம்பியது. அம்மா மாப்பிள்ளைப் பேச்சைத் திரும்ப எடுத்தாள்.

எனக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை. டேபிளை அழிக்காமல் வைத்திருக்கிறேன். அதில் எந்தக் கட்டத்திலும் அக்காவின் விரல் இல்லை. சேர்க்கலாம் என்று ஒருநாள் உட்கார்ந்தேன். தலைப்பு என்ன போடுவது என்று தெரியாமல் மூடிவிட்டேன்.

ஷெட்டில் இப்போது ஒரு புதுப் பழக்கம் வந்திருக்கிறது. பழைய ஃபில்டர் கழன்றதும் அக்கா குழிக்குள்ளிருந்து "ம்" என்பாள். நான் போனைச் சட்டைப் பைக்குள் போடுவேன். அவள் விரல் ஒரு சுற்று சுற்றி முடித்து, பழைய வாஷர் மேலே நிற்கிற டிரைவரின் கைக்கு வரும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. ஹாரன்கூடத் திறப்பதில்லை.