நான் கழுவிவிட்ட அடுப்படி

போன செவ்வாய்க்கிழமை நான் ஒரு பிணத்துக்கு நாத்தனார் ஆனேன்.

பயப்படாதீர்கள். பிணம் என்றால் பழந்துணி அடைத்த ஒரு நைட்டி. காரைக்காலில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த போலீஸ்காரர்களுக்கு அடிப்படைப் பயிற்சி நடக்கிறது. ஒரு வீட்டில் சாவு என்று தகவல் வந்தால் முதலில் போகிறவர் என்ன செய்ய வேண்டும், எதைத் தொடக் கூடாது, அழுகிறவர்களிடம் எப்படிப் பேச வேண்டும்... இதெல்லாம் பாடம். பாடம் நடத்தும் இன்ஸ்பெக்டர் இந்தப் பத்தியை வாரம் தவறாமல் படிக்கிறவர். (அப்படித்தான் சொல்கிறார். நம்புவோமே!)

"மேடம், சொந்தக்காரங்களா நடிக்க ஆள் வேணும். எங்க ஆளுங்களை அழச் சொன்னா சிரிக்கிறாங்க. நீங்க வந்து ஒரு மணி நேரம் அழுதுட்டுப் போங்க" என்றார் போனில்.

அழுவதற்கென்றே கூப்பிடுகிறார்கள் — விடுவேனா? இதை வைத்து நகைச்சுவையாக ஒரு பத்தி எழுதிவிடலாம் என்று மனசுக்குள் திட்டமும் போட்டுவிட்டேன். எழுதத்தான் செய்கிறேன். ஆனால் நான் நினைத்த பத்தி இது இல்லை.

ஆள் இல்லாமல் கிடந்த ஒரு பழைய குவார்ட்டர்ஸ். அடுப்படியில் பொம்மை குப்புறக் கிடந்தது. பக்கத்தில் ஓர் எவர்சில்வர் டம்ளர், கொட்டிய காபி. (காபி நிஜம். ஈ மொய்த்தது.) வாசலில் மடிப்புக் கலையாத காக்கியில், சிவப்புத் தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பதினைந்து பேர்.

"சாவு வீட்ல சொந்தக்காரங்க என்ன செய்வாங்களோ அதையே செய்யுங்க மேடம்" என்றார் இன்ஸ்பெக்டர்.

எனக்குச் சொல்லித் தர வேண்டுமா? "அடிப் பாவி மவளே, இப்படிப் போயிட்டியே!" என்று ஒரு குரல் எடுத்தேன். பொம்மையைப் புரட்டி மல்லாக்கப் போட்டேன். காலை நீட்டி, இரண்டையும் சேர்த்துக் கட்டினேன். நைட்டியை இழுத்து மூடினேன். டம்ளரை எடுத்துத் தொட்டியில் போட்டேன். மூலையில் கிடந்த துணியால் காபியைத் துடைத்தேன். நாலு பேர் வந்து போகிற இடம் இல்லையா?

ஐந்தே நிமிஷம். அடுப்படி பளிச்!

இன்ஸ்பெக்டர் கை தட்டினார். நான் பெருமையாக நிமிர்ந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. பயிற்சிக்கு வந்தவர்களைப் பார்த்து, "பாத்துக்குங்க. நம்ம ஊர்ல தடயத்தை அழிக்கிறது பெரும்பாலும் குத்தம் பண்ணவன் இல்ல. பாசமா ஓடி வர்றவங்கதான்" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

அடுத்தது விசாரணைப் பாடம். நஸ்ரின் என்று ஒரு பெண் காவலர், காரைக்கால்காரர்தான், நோட்டை விரித்துக்கொண்டு என் எதிரே உட்கார்ந்தார். "மொதல்ல கொஞ்சம் தண்ணி குடிங்கம்மா" என்று பாட்டிலை நீட்டினார். நான் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"நீங்க உள்ள வந்தப்ப அந்த டம்ளர் எங்கம்மா கெடந்துச்சு?"

"தலைமாட்டுல."

"வலப்பக்கமா, இடப்பக்கமா?"

"வலது... இல்ல, இடது. கால்கிட்டயோ?"

"நிமிந்து இருந்துச்சா, சாஞ்சு கெடந்துச்சா?"

கண்ணால் பார்த்து, கையால் எடுத்து, அரை மணி நேரம்கூட ஆகவில்லை. எனக்குத் தெரியவில்லை!

"டம்ளர் இப்பவும் இருக்கு மேடம்" என்றார் இன்ஸ்பெக்டர். "ஆனா அது கெடந்த எடம் போச்சு. எடம் போனா அதை வச்சு எதையும் சொல்ல முடியாது."

நஸ்ரின் நோட்டில் எழுதியதைத் தலைகீழாகவே படித்தேன். 'தெரியவில்லை என்கிறார்.' அப்போது என் கண் முன்னால் இருந்தது டம்ளர் இல்லை. பச்சைக் கண்ணாடி வளையல். உடைந்த துண்டுகள்.

நாலு வருஷத்துக்கு முன்னால் எங்கள் பக்கத்து வீட்டு ஜெயா இறந்துபோனாள். (பெயரை மாற்றியிருக்கிறேன்.) முப்பத்திரண்டு வயது. ஆறு வயதில் ஒரு பெண் குழந்தை. காலை பத்து மணி இருக்கும். அவள் கணவர் — திருநள்ளாற்றில் ஒரு லாட்ஜில் வேலை — வாசலுக்கு ஓடிவந்து, "அக்கா, கொஞ்சம் வாங்களேன்... ஐயோ, வாங்களேன்!" என்று கத்தினார். முதலில் உள்ளே போனவள் நான். ஜெயா அடுப்படியில் கிடந்தாள். உடம்பு சில்லிட்டிருந்தது. வாந்தி எடுத்திருந்தாள். கை வளையல் உடைந்து சிதறிக் கிடந்தது.

அவர் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். நான் அழவில்லை. தெருவிலேயே சாமர்த்தியசாலி நான்தானே! விளக்குமாற்றை எடுத்தேன். வருகிறவர்கள் காலில் குத்தக் கூடாது என்று வளையல் துண்டுகளைக் கூட்டி அள்ளிக் குப்பையில் கொட்டினேன். அவளை அந்தக் கோலத்தில் யாரும் பார்க்கக் கூடாது என்று இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றி, பினாயில் போட்டுத் தரையைக் கழுவினேன். புடவை மாற்றிப் பொட்டு வைத்தேன்.

"போலீஸுக்குச் சொல்லணுமோ?" என்று யாரோ இழுத்தார்கள். "சும்மா இருங்க. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயி அந்தப் புள்ளைய அறுத்துப் போட்டுடுவாங்க" என்று அதட்டியது யார்? நானேதான். நெஞ்சுவலி என்று ஒருவர் சொன்னார். தெரு முழுக்க அதையே சொன்னோம். பொழுது சாய்வதற்குள் சுடுகாட்டில் எல்லாம் முடிந்துவிட்டது.

இடையில், குரும்பகரத்திலிருந்து ஜெயாவின் அம்மா வந்து சேர்ந்தார். மகளைப் பார்த்தார். அடுப்படியைப் பார்த்தார். "என் புள்ளைய மகாலச்சுமியாட்டம் வச்சிருக்கீங்களேம்மா" என்று என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கு உள்ளூரப் பெருமை. இப்போது எழுதவே கூசுகிறது.

பதினாறாம் நாள் காரியத்துக்குள் பேச்சு கிளம்பிவிட்டது. முந்தின நாள் சண்டைச் சத்தம் கேட்டதாமே? அவனே ஏதாவது செய்திருப்பானோ? அந்த அம்மா பேத்தியைக் குரும்பகரத்துக்குக் கூட்டிப் போனவர்தான், அதன் பிறகு அப்பன் கண்ணில் காட்டவில்லை. ஜெயாவின் கணவர் ஒவ்வொரு தீபாவளிக்கும் பிள்ளைக்குத் துணி எடுத்துக்கொண்டு போய், வாசலில் நின்றுவிட்டு, துணியோடு திரும்பி வருகிறார். நானும் அவர் திரும்புவதை ஜன்னல் வழியாகப் பார்த்து 'உச்' கொட்டுவேன்.

அவர் செய்தாரா? செய்யவில்லையா? எனக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது. வளையல் அடுப்பு ஓரமாகக் கிடந்திருந்தால், மயங்கி விழுந்ததில் உடைந்திருக்கலாம். கொல்லைக் கதவுப் பக்கம் கிடந்திருந்தால்...? நான் எங்கிருந்து கூட்டினேன்? நாலு வருஷமாக ஒரு நாளாவது இதை யோசித்திருக்கிறேனா? அந்த மனிதர் நிரபராதி என்றால், அதைச் சொல்லியிருக்கக்கூடிய ஒரே சாட்சியை நான் குப்பையில் கொட்டினேன். நிரபராதி இல்லை என்றால்... அவரைக் காப்பாற்றியதே நான்தான்.

பாடம் முடிந்ததும் நஸ்ரினைத் தனியாகக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"எங்க வீட்லயும் யாராச்சும் மவுத்தாயிட்டா எல்லாம் அவசரம்தாம்மா. நீங்க கெட்டது நெனச்சு செய்யலயே" என்றார். எவ்வளவு ஆறுதலான வார்த்தை! அப்படியே கிளம்பியிருக்கலாம். அதற்குள் இன்னொரு கேள்வி வந்தது. "அந்தம்மாகிட்ட இதைச் சொல்லிட்டீங்களா?"

சரியான கேள்வியைக் கேட்கக் கற்றுக்கொண்டுவிட்டார்!

இன்ஸ்பெக்டரிடமும் சொன்னேன். ஒரு வெள்ளைத் தாளை எடுத்து நீட்டினார். "எழுதிக் குடுங்க மேடம். இத்தனை வருஷம் கழிச்சு என்ன செய்ய முடியும்னு தெரியல. ஆனாலும் எழுதிக் குடுங்க." எழுதிக் கொடுத்தேன். நானூறு பத்தி எழுதிய கை. அந்த ஒரு பக்கத்துக்கு மூன்று தாள் கிழித்தேன்.

வியாழக்கிழமை பஸ் ஏறிக் குரும்பகரம் போனேன். அந்த அம்மா வாசலில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். "வாங்கம்மா, வெயில்ல வந்திருக்கீங்களே" என்று எழுந்து செம்பில் தண்ணீர் கொடுத்துவிட்டு, மறுபடி முறத்தை எடுத்தார். அதைக் குடிக்காமலே சொன்னேன். வளையல், வாந்தி, பினாயில், போலீஸ் வேண்டாம் என்று நான் போட்ட அதட்டல்... எதையும் குறைக்கவில்லை.

முறம் நின்றது.

"வளையலு ஒடஞ்சு கெடந்துச்சா?"

"ஆமாம்மா."

"எங்க கெடந்துச்சு?"

நஸ்ரின் கேட்ட அதே கேள்வி. நானும் அதே பதிலைத்தான் சொன்னேன். "தெரியலம்மா."

முறத்து உளுந்தைக் கையால் அளைந்தார். "அந்தாள நான் வையாத நாளில்ல. பெத்த புள்ளைய அவரு கண்ணுலயே காட்டல. நான் செய்யிறது நாயமா அநியாயமான்னு இனிமே யாரைப் போயிக் கேப்பேன்?"

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை.

"அன்னிக்கு உங்களக் கையெடுத்துக் கும்புட்டேனேம்மா" என்றார். அவ்வளவுதான். முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

சாவு வீட்டுக்கு முதலில் போகிறவர் நீங்களாக இருந்தால், தயவுசெய்து கையைக் கட்டிக்கொண்டு அழுங்கள். அது போதும்.

அப்புறம்... வாங்கிய கும்பிடை எப்படித் திருப்பிக் கொடுப்பது? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.