அமாவாசைச் சர்க்கரை

எங்க அக்கா கற்பகத்தோட பொண்ணு லாவண்யாவுக்கு ரிசர்ச் ஃபெல்லோ வேலை கெடைச்சப்ப, ஆரணியில எங்க தெருவே கேட்டுது, "டாக்டரா?"ன்னு. இல்ல. "நர்ஸா?" அதுவும் இல்ல. "யாருக்கு என்ன வியாதின்னு கணக்கெடுத்து, கம்ப்யூட்டர்ல ஆராய்ச்சி பண்றதுங்க"ன்னு அக்கா பெருமையா சொல்லுவா. ஊசி போடத் தெரியாதவளுக்கு இவ்ளோ பில்டப்பான்னு நான் சிரிப்பேன். சித்தின்னா இதுகூட பேசக்கூடாதா?

வேலை ஒரு வருஷத்துக்குத்தான். கணக்கு நல்லா வந்தா ரெண்டு வருஷம் நீட்டிப்பாங்க, இல்லன்னா மூட்டை கட்ட வேண்டியதுதான். நாள் பூரா தறியில குந்திகினு இருக்கற நெசவாளிங்களுக்கு, மதியம் சாப்ட்டப்புறம் விரல்ல குத்தி சர்க்கரை பாக்கணும். தறியில இருக்கறவன் எழுந்து வருவானா? என் மவராசி ஒரு யோசனை பண்ணா. அமாவாசைக்குத் தறி ஓடாது, எல்லாரும் வூட்ல இருப்பாங்க. மூணு அமாவாசையில ஜல்தியா முடிச்சிட்டா.

கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்தா, பத்துல ஏழு பேருக்கு சர்க்கரை எகிறுது. தறி நெய்யற எங்க அக்காவுக்கும் குத்திப் பாத்திருந்தா, அவளுக்கு சுத்தமா நல்லா இருக்கு. "பாத்தியாடி என் ஒடம்பை!"ன்னு அவ ஆடின ஆட்டம் இருக்கே, அப்பப்பா!

பெரிய ஆபீசருங்க முன்னாடி லாவண்யா பேசறதுக்கு மொத நாள் என் வூட்டுக்கு வந்தா. அன்னிக்கும் அமாவாசை. எலையில வடையும் பாயசமும் வெச்சேன். வடையைக் கையில எடுத்தவ அப்படியே முழிச்சா.

"சித்தி, எல்லார் வூட்லயும் இன்னிக்கு பாயசமா?"

"ஏண்டி, தறிக்காரன் பொண்ணு நீ, அமாவாசைக்குப் படைக்கறது உனக்குத் தெரியாதா?"

தலையில கைவெச்சிகினா. மறுநாள் போய், "கணக்கு தப்பு, நான் விருந்தைத்தான் அளந்திருக்கேன்"னு அவளே சொல்லிட்டா. வாயை மூடிகினு இருந்தா என்னடின்னு நான் திட்டினேன். மூணு மாசத்துல மறுபடி எடுத்துக் குடு, அப்புறம் பாக்கலாம்னு சொல்லி அனுப்பிட்டாங்க.

இந்த தடவை சர்க்கரை பாக்கற மிஷினைத் தூக்கிகினு தறி ஓடற நாள்லயே போனா. பேஜார் புடிச்சவன்னு ஆளாளுக்குத் திட்டினாங்க, ஆனா விரலையும் நீட்டினாங்க. முக்கால்வாசி பேருக்கு சர்க்கரை எறங்கிடுச்சு. கடைசியா அக்கா, மதியம் சாப்ட்டுட்டு ஜம்முனு வந்து விரலை நீட்டினா. முந்நூறைத் தாண்டிகினு போச்சு.

"அம்மா, அன்னிக்கு சாப்ட்டேன்னு சொன்னியே!"

"அமாவாசைன்னா பொழுது சாயற வரைக்கும் எனக்கு விரதம்டி. சொன்னா நீ கத்துவேன்னு சாப்ட்டேன்னேன்."

பழைய கணக்கே நின்னிருந்தா, நோயில்லாதவங்க பட்டியல்ல எங்க அக்காவும் இருந்திருப்பா. லாவண்யா மிஷினைக் கீழ வெச்சிட்டு அவ மடியில மூஞ்சைப் பொதைச்சிகினு தேம்பினா.

அக்காவுக்கு ஒண்ணும் புரியல. பொண்ணு தலையைத் தடவிகினே கேட்டா, "இப்ப கணக்கு சரியாத்தானே வந்துச்சு? வேலை போவாதுல்ல? அப்புறம் எதுக்குடி அழுவற?"