பதினேழாம் எண் தாள்

ஆயர் ஈத்தாம் ஊரில் என் அடுக்குமாடி வீட்டு மேசை இழுப்பறையில் ஒரு தாள் கிடக்கிறது. கொசுவர்த்திச் சுருள் மாதிரி ஒரு கோடு, மூலையில் பதினேழு என்ற எண். அதை நானாக வெளியே எடுப்பதில்லை.

பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் நான் உதவியாளராக இருந்தேன். பேராசிரியர் என்னைவிடப் பத்து வயது இளையவர். நான் அவரை டாக்டர் என்பேன், அவர் என்னை அக்கா என்பார். மூளையின் செல்கள் டோபமின் என்ற வேதிப்பொருள் வழியாக ஒன்றுக்கொன்று சேதி அனுப்புகின்றன. அது குறைந்தால் கை நடுங்கும், எழுத்து சுருங்கும். அந்த நடுக்குவாத நோய் வெளியே தெரிவதற்கு முன்பே அந்தக் குறைவை ஒரு சுருள்கோட்டில் பிடித்துவிட முடியுமா என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. நோயாளிகளோடு நோயில்லாதவர்களும் வரைய வேண்டும். நோயில்லாதவர்களில் ஆள் குறைந்தால் டாக்டரும் நானுமே உட்கார்ந்து வரைந்து கொடுப்பது வழக்கம். தாள்களில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். எந்த எண் யாருடையது என்பது என் நோட்டுப் புத்தகத்தில் மட்டும் இருக்கும்; ஆய்வு முடியும்வரை அதைத் திறந்து காட்டக் கூடாது.

மாதங்கள் கழித்து, கட்டுக் கட்டாகத் தாள்களைப் பார்த்து, நோயாளிகளுடையது எது என்று பிரித்துக்கொண்டிருந்த டாக்டர், ஒன்றை வெளிச்சத்தில் பிடித்தார். "இது நோயாளிதான் அக்கா, சந்தேகமே இல்ல லா. பாவம், இப்பதான் ஆரம்பம்."

பதினேழு. அவரே வரைந்தது.

மூன்று நாள் நான் வாயைத் திறக்கவில்லை. விதிமுறை என்று எனக்கு நானே சாக்குச் சொன்னேன். உண்மையில் பயம், வேறொன்றுமில்லை. அவர் கோப்பி கலக்கும்போது, சட்டைப் பொத்தானைப் போடும்போது, அந்த வலது கையையே திருட்டுத்தனமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்காம் நாள் நோட்டுப் புத்தகத்தை அவர் முன் விரித்து வைத்தேன். விரலை வைத்துக்கொண்டே வந்தவர் பதினேழில் நின்றார்.

"அடடா, என் டெஸ்ட் நல்லாதான் வேலை செய்யுது லா" என்று சிரித்தார். பிறகு, "அக்கா, கதவ சாத்துங்க" என்றார்.

இப்போது அவருக்கு மாத்திரையில் நாள் ஓடுகிறது. மாதம் ஒருமுறை என் வீட்டுக்கு வந்து ஒரு சுருள் வரைகிறார். நான் தாளைப் பிடித்துக்கொள்கிறேன். "இனிமே நம்பர் வேணாம் அக்கா, என் பேரையே போடுங்க" என்று முதல் தடவையே சொல்லிவிட்டார். ஒவ்வொரு மாதமும் கோடு கொஞ்சம் சுருங்குகிறது. அவர் வருகிற நாள் காலையில் எனக்குச் சோறு இறங்காது.

போன சனிக்கிழமை வெள்ளைத் தாள் தேடி இழுப்பறையைத் திறந்தவர் கையில், ஆய்வு முடிந்ததும் நான் எடுத்து வந்த அந்தப் பதினேழாம் எண் தாள் அகப்பட்டது. எனக்கு உயிரே போய்விட்டது. அவர் அதை வெகுநேரம் பார்த்தார்.

"எவ்ளோ நல்லா வரைஞ்சிருக்கேன், அக்கா" என்றார்.