குளியலறை வாசல்

டிக்கோயாவுக்கு மேலே, எங்கள் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்குப் பதிலாகப் புது வீடுகள் கட்டியபோது மேற்பார்வைக்கு ஒரு பெண் பொறியியலாளர் வந்தார். முக்காட்டுக்கு மேல் மஞ்சள் தலைக்கவசம், சேறு படிந்த சப்பாத்து. ஒவ்வொரு அறைக்குள்ளும் நின்று, வெளியே யார் கண்ணில் படுகிறோம் என்று பார்ப்பது அவர் பழக்கம்.

எங்கள் குளியலறை வாசல் கடைக்குப் போகும் பாதையைப் பார்த்திருந்தது. "இதப் பின்பக்கம் திருப்பணும்" என்றார்.

"பிளான்ல இப்படித்தான் இருக்கு மிஸ்" என்றார் கட்டட வேலையை எடுத்திருந்த கொந்தராத்துக்காரர்.

"பிளான் போட்டவரா இங்க வந்து குளிக்கப் போறாரு?"

வேலையாட்கள் சிரித்தார்கள். கொந்தராத்துக்காரர் என்னிடம் திரும்பினார். "தம்பி, நீங்க படிச்சவங்க. செவத்த ஒடச்சா ஒங்க வீடுதான் கடைசியா முடியும். மழைக்கும் லயத்துலதான் கெடக்கணும். சொல்லுங்க."

நான் வாயைத் திறக்குமுன் பொறியியலாளர், கொழுந்து பறித்துவிட்டு மலையிலிருந்து இறங்கி வந்து நின்ற என் அம்மாவைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்கம்மா."

"விடியிறதுக்கு முன்ன வெட்டவெளியில, பீலித் தண்ணி விழுற கரையில பயந்து பயந்து குளிச்சது போதும் மிஸ். ஒடைங்க."

அந்த மழை முழுக்க, லயத்துக் கூரை ஒழுகும் இடங்களில் சட்டி வைத்தபடி இருந்தோம். இப்போது அம்மா கதவைச் சாத்திக்கொண்டு நெடுநேரம் குளிக்கிறார். என்னைக் கேட்டிருந்தால், வீடு சீக்கிரம் முடியட்டும் என்றுதான் சொல்லியிருப்பேன். அது அந்த மிஸ்ஸுக்கு எப்படித் தெரிந்ததோ!