கலரா வேணும்

1. ஓடிக்கொண்டிருந்த மெஷின்

திங்கட்கிழமை காலை எங்கள் அச்சுக்கடைக்குள் நுழையும்போதே பின்னால் ஆப்செட் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. பொந்தியான் ஊர்க்காரர்கள் கொடுத்த கல்யாணக் கார்டுதான் அன்றைக்கு முதல் வேலை. பெண்ணும் அம்மாவும் வந்து முதல் ஷீட்டைப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் ஓட்ட வேண்டும். அவர்கள் இன்னும் வரவே இல்லை.

பையைக்கூட வைக்காமல் பின்னால் ஓடினேன். ஒரு ஷீட்டை உருவிப் பார்த்தேன். கார்டில் இருந்த போட்டோவில், மாப்பிள்ளை பக்கத்தில் நின்ற பெண்ணின் முகம் செம்புக் குடம் மாதிரி சிவந்து, கறுத்துப் போயிருந்தது. ஐயோ கடவுளே என்று நெஞ்சில் கை வைத்தேன். மெஷின் ஓட்டும் ரஹிமிடம் நிறுத்தச் சொல்லிக் கத்தினேன். அவர் நிறுத்திவிட்டு வேலைச் சீட்டைக் காட்டினார். ‘தம்பா வார்னா’ என்று எழுதியிருந்தது. மலாயில் கலர் கூட்டு என்று அர்த்தம். கூட்டச் சொன்னார்கள், மையைக் கூட்டினேன், என் மேல் என்ன தப்பு என்று கேட்டார். அவர் மேல் தப்பே இல்லை.

எழுதியது எங்கள் தவுக்கே. நல்ல சீன முதலாளி, தமிழில் அவருக்குத் தெரிந்த வார்த்தைகள் விரல் விட்டு எண்ணக்கூடியவை. அதில் ஒன்று ‘கலர்’. சனிக்கிழமை எனக்கு லீவு. அன்று பார்த்துப் பெண்ணின் அம்மா வந்து, நான் மாதிரிக்கு எடுத்து வைத்திருந்த ப்ரூஃபைப் பார்த்துவிட்டு, “கலர் பத்தல, பொண்ணு நல்லா கலரா வேணும்” என்று சொல்லியிருக்கிறார். நம் ஆட்கள் ‘கலர்’ என்றால் எதைச் சொல்கிறார்கள் என்று அந்த மனிதருக்கு எப்படித் தெரியும்? போலே, போலே, செய்துவிடலாம் என்று தலையாட்டி எழுதிவிட்டார். அந்தக்கா வெள்ளையாகக் கேட்டார். இவர் கறுப்பாக்கிக் கொடுத்தார்.

இன்றைக்கும் கவுண்டரில் யாராவது கலர் வேண்டும் என்றால், மையா முகமா என்று கேட்ட பிறகுதான் மவுஸைத் தொடுவேன். சிரிப்பார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும்.

2. இரண்டு செட்டிங்

ப்ரூஃப் எடுக்கும் பிள்ளைகள் இதைக் கவனமாகப் படியுங்கள். எங்கள் டிஜிட்டல் மெஷினில் இரண்டு செட்டிங் உண்டு. ஒன்று விவிட். போஸ்டருக்கு நல்லது, எல்லாம் பளபளவென்று வரும். இன்னொன்று ஆப்செட் சிமுலேஷன். பின்னால் இருக்கும் பெரிய மெஷினில், அந்தப் பேப்பரில், மை எப்படி உட்காருமோ அப்படியே காட்டும். கல்யாணக் கார்டு சொரசொரப்புப் பேப்பர், மையை உறிஞ்சும், பளபளப்பெல்லாம் வராது. அதனால் சிமுலேஷன் ப்ரூஃப் பார்க்கக் கொஞ்சம் அடங்கித்தான் இருக்கும். ஆனால் கடைசியில் கைக்கு வரப்போவது அதுதான்.

ரஹிம் மையைப் பழைய அளவுக்குக் குறைத்தார். கொஞ்ச நேரத்தில் ஷீட் என் ப்ரூஃபோடு ஒத்து வந்தது. பெண் அவள் நிறத்தில், மாநிறத்துக்கும் ஒரு படி கீழே, லட்சணமாக இருந்தாள். அப்பாடா என்று மூச்சு விடப் போனேன், தவுக்கே வந்து நின்றார். கலர் என்றால் என்ன என்று விளக்கினேன். “அலமாக், புத்தேவா?” என்றார், அடடா வெள்ளையா என்று. வெள்ளைதானே, முகத்தை மட்டும் வெளுத்து, விவிட்டில் ஒரு பிரதி எடு, அதைக் காட்டிக் கையெழுத்து வாங்கு, புது பிளேட் எல்லாம் போட நேரமில்லை, ஆப்செட் ஓடுவது ஓடட்டும் என்றார். சப்ளை அன்றைக்கு வித்தியாசம் தெரிந்தால்? பேப்பர் அப்படித்தான் என்று சொல்லிக்கொள்ளலாமாம்.

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். ஆர்டர் கொடுக்க வந்த அன்றே அந்தக்கா என்னிடம் மனம் விட்டுப் பேசியிருந்தார். இதற்கு முன் இரண்டு இடம் பிள்ளை கறுப்பு என்று தட்டிப் போனதாம். இதுவும் போய்விடுமோ என்று தூக்கமே வருவதில்லை என்றார். இப்போது இந்த ஷீட்டைப் பார்த்து, மகளை வைத்துக்கொண்டே ஏதாவது சொல்லிவிட்டால் அந்தப் பிள்ளை முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்? விவிட்டை அமுக்கினால் ஒரு நிமிட வேலை. எல்லாரும் சந்தோஷமாகப் போவார்கள். கார்டு கைக்கு வரும் நாள் வரைக்கும்.

நான் அமுக்கவில்லை. கவுண்டரில் திட்டு வாங்கப்போவது நீங்கள் இல்லை பாஸ், நான்தான் என்று தவுக்கேயிடம் சொல்லிவிட்டு எழுந்தேன். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு போனார்.

3. ஈரம்

அவர்கள் வந்தார்கள். பெண் பேர் லோகேஸ்வரி, சிங்கப்பூரில் வேலை. நைட் ஷிப்ட் முடித்துப் எல்லைப் பாலம் தாண்டி நேராக வந்திருந்தாள். முகத்தில் பவுடர்கூட இல்லை. இருவரையும் பின்னால் அழைத்துப் போய் ஷீட்டை மேசையில் விரித்தேன்.

அந்தக்கா பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார்.

“தங்கச்சி, கலரா வேணும்னு சொன்னேன்லா? மாப்பிள்ளை வீட்டு சொந்தமெல்லாம் பாக்கும். என்ன பேசுவாங்களோ. வேற மாதிரி பண்ணிக் குடுங்களேன்.”

புது பிளேட் போட்டால் வெளுக்கலாம், ஒரு நாள் தாமதமாகும் என்று உண்மையைச் சொன்னேன். சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தேன்.

லோகேஸ்வரி ஷீட்டை ரொம்ப நேரம் பார்த்தாள். கோபப்படவில்லை.

“கல்யாணத்தன்னிக்கு மண்டபத்துல நான்தானேம்மா நிக்கப்போறேன். கார்டா நிக்கப்போகுது? வர்றவங்க ரெண்டையும் பாத்துட்டு, எது பொய்னு கேக்க மாட்டாங்களா?”

என்னிடம் பேனா வாங்கி ஓரத்தில் கையெழுத்துப் போட்டாள். பதினைந்து வருடம் ப்ரூஃப் எடுத்த எனக்கு, ப்ரூஃப் எதற்கு என்று அவ்வளவு சுருக்கமாகச் சொல்ல வந்ததில்லை.

அந்தக்கா மகளைப் பார்த்தார், ஷீட்டைப் பார்த்தார். படத்தில் இருந்த மகளின் தலைமுடியை மெல்லத் தடவினார். தொடாதீங்கக்கா, மை காயவில்லை என்று நான் சொல்வதற்குள் கட்டைவிரல் கறுப்பாகிவிட்டது. துடைக்கத் துணி எடுத்தேன். அவர் வாங்கவில்லை. திரும்பி, அந்த விரலால் மகளின் கன்னத்து ஓரத்தில் ஒரு பொட்டு வைத்தார்.

“கண்ணு பட்டுரும்” என்றார்.

ஆப்செட் மை, சோப்புக்கு லேசில் போகாது. சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை.