நான் இட்டுக்கட்டிய குறை

தொண்ணூறுகளின் கடைசியில் நான் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராக இருந்தேன். கல்லூரிக்கு எதிரே ஒருவர் ஸ்டெபிலைசர் செய்து விற்றுக்கொண்டிருந்தார். பாலிடெக்னிக் படித்தவர். எங்கள் ஊர் மின்சாரத்தின் தயவில் அவருக்கு வியாபாரம் குறைந்ததே இல்லை. மாலையில் அவர் கடையில் டீ குடிப்பேன். நான் கொண்டுபோகும் அறிவியல் பத்திரிகைகளை என்னைவிடக் கவனமாகப் படிப்பார்.

அப்படி ஓர் இதழில்தான் குவாண்டம் கணினி எங்கள் தெருவுக்கு வந்தது. ஒரு குப்பித் திரவத்தைக் காந்தத்தின் நடுவில் வைத்து, அதன் அணுக்கருக்களை ரேடியோ அலையால் தட்டி, அவை தரும் பதிலைக் கொண்டு வெளிநாட்டில் சின்னதாக ஒரு கணக்குப் போட்டிருந்தார்கள்.

"காந்தம், காயில், ஆம்ப்ளிஃபையர். எல்லாம் நம்ம கடைச் சாமான்லா, சார்வாள்?" என்றார்.

பழுதான ஒலிபெருக்கிகளின் காந்தங்களை எதிரெதிராக வைத்தார். காயிலை அவரே சுற்றினார். முதல் சோதனைக்குக் குப்பியில் ஆற்றுத் தண்ணீர். இரண்டு மாதத்தில் பழைய ஆஸிலோஸ்கோப் திரையில் ஒரு சின்ன அலை எழுந்து அடங்கியது. தண்ணீரிலிருந்த ஹைட்ரஜனின் பதில் அது. ரோட்டில் டவுன் பஸ் போனால் மட்டும், அதன் இரும்பு காந்தப்புலத்தைக் கலைத்து, அலை இடம் மாறி ஓடியது.

"என்ன வே, இது கம்ப்யூட்டரா, பஸ் வருதுன்னு சொல்லுத மெஷினா?"

"சிரிங்க, சார்வாள். பஸ் ஸ்டாண்டுக்கு ஒண்ணு தனியா செஞ்சுருவோம்."

கம்பெனி தொடங்க முடிவு செய்தார். இரண்டு பிட் அளவுக்குக் கணக்குப் போட்டால் போதும். கல்லூரி மாணவர்கள் தொட்டுப் பார்த்துக் கற்கும்படி ஒரு சின்ன இயந்திரம். புதிய கருவிகளுக்கு அரசு உதவி தரும் ஒரு திட்டம் இருந்தது. விண்ணப்பத்தில் முனைவர் பட்டம் பெற்ற ஒருவர் நெறியாளராகக் கையெழுத்திட வேண்டும். நான் போட்டு அனுப்புவதாக வாங்கிப் போனேன்.

மறுநாள் ஆசிரியர் அறையில் பஸ் கதையைச் சொன்னேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "ஸ்டெபிலைசர் கம்பெனியில நீரும் பார்ட்னரா வே?" என்றார் துறைத் தலைவர். அதற்குப் பிறகு என்னால் கையெழுத்துப் போட முடியவில்லை. அனுப்பிவிட்டேன் என்று கடைக்காரரிடம் பொய் சொன்னேன்.

மூன்று மாதம் கழித்துக் கேட்டார். திருப்பிவிட்டார்கள் என்றேன்.

"காரணம் சொல்லிருக்காவளா?" பென்சிலை எடுத்துவிட்டார்.

இதை நான் எதிர்பார்க்கவில்லை. "சிக்னல் சீக்கிரம் செத்துப்போகுதாம். அதுக்குள்ள கணக்கு முடியாதாம்" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"சரியாத்தான் சொல்லிருக்காரு. விவரமான ஆளு." நான் வாழ்நாளில் பெற்ற பாராட்டுகளில் கூச்சமானது அதுதான்.

அன்றே வேலையைத் தொடங்கினார். டிரான்ஸ்ஃபார்மர் தகடுகளைச் சின்னச் சின்னதாக வெட்டி, காந்தங்களுக்கு அடியில் ஒவ்வொன்றாகச் செருகி, காந்தப்புலத்தைச் சமப்படுத்தினார். ஐப்பசி மழைக்குள் அந்த அலை சீக்கிரம் அடங்காமல் திரையின் ஓரம்வரை நீண்டது. என் ஆய்வகத்தில் எனக்கு அது வந்திருக்காது.

"இப்ப அனுப்புங்க, சார்வாள். குறை சொன்னவருக்கு நன்றின்னு ஒரு வரி சேத்துக்கிடுங்க."

முதல் விண்ணப்பமே போகாத இடத்துக்கு அந்த நன்றியை எப்படி அனுப்புவது? திட்டத்தை மூடிவிட்டார்கள் என்றேன். அவர் ஆஸிலோஸ்கோப்பை அணைத்தார்.

"உங்களுக்குத்தான் வீண் அலைச்சல்" என்று சொல்லி எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். நான் குடித்தேன். கம்பெனிப் பேச்சை அவர் மறுபடி எடுக்கவில்லை.

போன மாதம், இதுவரை எழுதியதை அவர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியைத் தேடி எடுத்து, முழுக்கப் படித்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"அப்ப நம்ம மெஷின யாருமே வேண்டாம்னு சொல்லலையா, சார்வாள்?"

நான் ஒருவன்தான் சொன்னேன் என்றேன்.